ராமாமணி பார்த்த ஒரே மாப்பிள்ளை

முப்பத்து மூன்று வயதுக்குள் ராமாமணியைப் பெண் பார்க்க வந்தவர்கள் பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரில் ஒருவர் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

வெட்கத்தில் தலை குனிந்து நின்றதால் அல்ல. குனிந்துதான் நின்றாள். ஆனால் நிமிர்ந்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. அவளுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஏழு. கண்ணாடி இல்லாவிட்டால் ஒரு சாணுக்கு அப்பால் இருப்பதெல்லாம் தண்ணீர் பட்ட மையெழுத்து மாதிரி கலங்கிக் கிடக்கும். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில் அந்தக் கண்ணாடியைத்தான் அவள் அம்மா பங்காரம்மா முதலில் கழற்றி வாங்குவாள். அதைத் துணியில் சுற்றி, சமையலறையில் கொத்தமல்லி டப்பாவுக்குள் வைத்து மூடிவிடுவாள். வந்தவர்களின் கார் திரும்பித் திருச்சி ரோட்டில் ஏறிய பிறகுதான் டப்பா திறக்கும். அதற்கு மேல் இரண்டு நாளைக்கு ராமாமணியின் மூக்கில் கொத்தமல்லி வாசம் இருக்கும்.

இதற்கு முதல் நாளே ஒத்திகை உண்டு. சமையலறை நிலையிலிருந்து கூடத்துக்கு ஒன்பது எட்டு. ஐந்தாவது எட்டில் ஜமுக்காளத்தின் ஓரம் வரும், அங்கே காலைத் தூக்கி வைக்க வேண்டும். முதல் நாற்காலியில் மாப்பிள்ளையின் அப்பா, இரண்டாவதில் மாமன், மூன்றாவதில் மாப்பிள்ளை.

"மூணாவது. மறந்துபோடாதே அம்மாயி, மூணாவது" என்று பங்காரம்மா விரலை மடக்கிக் காட்டுவாள். அந்த விரலும் ராமாமணிக்குத் தெரியாது.

அவர்கள் நாயுடு குடும்பம்; பெண்ணை 'அம்மாயி' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் பேசுகிற தெலுங்கில் பாதி கொங்குத் தமிழ். சூலூரை அடுத்த ஊரில் கொஞ்சம் காடும் எட்டுத் தறியும் இருந்தன. ராமாமணியின் அப்பா கோவிந்தராஜுலுவும் சோடாபுட்டிக் கண்ணாடிதான் போட்டிருந்தார். எட்டாம் வகுப்பைத் தாண்டாத அந்த மனிதரை ஊரே 'பெரிய படிப்பாளி' என்றது; பஞ்சாயத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் எதிரில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். பி.எஸ்ஸி. படித்த அவர் மகள் அதே கண்ணாடியைப் போட்டபோது அது ஊனமாகிவிட்டது.

ஐந்தாவதாக வந்த வரன் உடுமலைப் பக்கம். அன்றைக்கு நடந்ததுதான் அவள் கதையைத் திருப்பிப் போட்டது. பங்காரம்மா உள்ளே பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், காற்று வரவில்லை என்று மாப்பிள்ளை எழுந்து நான்காவது நாற்காலிக்குப் போய்விட்டார். மூன்றாவதில் அவருடைய அக்கா புருஷன் வந்து உட்கார்ந்துகொண்டார். ராமாமணி ஒன்பது எட்டும் பிசகாமல் நடந்து வந்து காப்பி கொடுத்தாள். மாப்பிள்ளையின் அத்தை நல்ல மனுஷி. "ஏன் கண்ணு, பையனைப் புடிச்சிருக்குதா? சும்மா நிமிந்து பாத்துச் சொல்லு, இதுல என்ன வெக்கம்" என்று கேட்டாள். அதுவரைக்கும் ஒருத்தரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. ராமாமணி நிமிர்ந்தாள். மூன்றாவது நாற்காலியைப் பார்த்து, இருபத்திரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பை அப்படியே கொடுத்து, "புடிச்சிருக்குங்க" என்றாள்.

மூன்றாவது நாற்காலிக்காரருக்குப் புரையேறியது.

"ஏனுங்க, இவரு என்ற ஊட்டுக்காரருங்க!" என்று ஒரு பெண் எழுந்து நின்றாள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் மட்டும் சிரிக்காமல், "பொண்ணுக்குக் கண்ணு தெரியாதுங்களா?" என்று கேட்டார். உள்ளே எண்ணெய் காய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

சூலூர்ப் பக்கம் இந்தக் கதை பஸ்ஸைவிட வேகமாகப் போனது. பத்து வருஷம் கழித்தும் கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வந்த ஆறு பேரும் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்ததாகக் கண்ணைப் பற்றி விசாரித்தார்கள். பன்னிரண்டு கட்டத்தில் மாமியாரின் ஆயுளைச் சொல்லத் தெரிந்த ஜோசியனுக்கு மைனஸ் ஏழு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை.

அப்பா போனார். இரண்டு வயது இளைய தம்பி நரசிம்மலுவுக்குக் கல்யாணம் ஆனது. அக்கா இருக்கத் தம்பிக்கு முடிப்பதா என்று உறவில் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தபடியே விருந்தும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ராமாமணியின் அறை தம்பிக்குப் போனது. அவள் கட்டில், நூல் மூட்டை அடுக்கியிருந்த பின்கட்டு அறைக்குப் போனது.

அவள் ஒரு நூற்பாலையின் பரிசோதனை லேப்பில் வேலை பார்த்தாள். நூலைக் கறுப்புப் பலகையில் வரிசையாகச் சுற்றி, அதில் இருக்கும் முடிச்சுகளையும் பஞ்சுப் பிசிறுகளையும் எண்ணிக் குறிக்கிற வேலை. மற்றவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். ராமாமணி தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பலகையை மூக்குக்கு நேரே கொண்டுவருவாள். தூரத்தில் மனுஷனையே அடையாளம் காட்டாத அந்தக் கண், ஒரு சாணுக்குள் வந்துவிட்டால் நூலில் ஒட்டியிருக்கும் விதைத் தோலின் துணுக்கைக்கூட விடாது. ஸ்பின்னிங் மாஸ்டர் வெளியூர் ஆட்களிடம், "எங்க லேப்புக்கு ரெண்டு மைக்ராஸ்கோப்புங்க. ஒண்ணு ஜெர்மனி, ஒண்ணு ராமாமணி" என்பார்.

லேப்பில் கூட வேலை பார்த்த பூவாத்தாள் கவுண்டர் வீட்டுப் பெண். வாய் கொஞ்சம் நீளம். "ஏனுங் அம்மணி, மாப்பிள்ளைகளையும் இந்தப் பலகையில சுத்திக் கொண்டாரச் சொல்லுங். மூக்குக்கிட்ட வெச்சுப் பாத்துத் தேர்ச்சி பண்ணிப் போடலாம்" என்பாள். ராமாமணி சிரிப்பாள். சிரித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொள்வாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பூவாத்தாளுக்கு வீட்டிலிருந்து மகள் தூக்குப்போசி கொண்டுவருவாள். ராமாமணி தன் டிபன் பாக்ஸைத் தானே கட்டிக்கொண்டு வருவாள். முப்பத்து மூன்று வயதில் அவள் வீட்டில் அவளோடு பேச இரண்டு விஷயம்தான் மிச்சம் இருந்தது. தண்ணீர் வந்துவிட்டதா, தம்பி குழந்தைகள் சாப்பிட்டுவிட்டனவா. பஞ்சு பறக்கிற இடத்தில் வேலை என்பதால் கான்டாக்ட் லென்ஸ் போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டதையும், அப்படிச் சொன்னபோது பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுததையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்க ஆளில்லை.

1996-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை லட்சுமிநாராயணன் வந்தார். தூரத்துச் சொந்தம், மாமா முறை. ஜாதகக் கட்டு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"காரமடைப் பையன். சசிதருன்னு பேரு. மோட்டார் பம்பு கடை. சம்சாரம் போயி மூணு வருஷமாச்சு, குழந்தை இல்லை. பொருத்தம் பத்துக்கு ஒம்பது" என்றார். "ஒரே ஒரு விசயந்தான். அவங்கம்மா சொல்லிப்போட்டாங்க, கண்ணாடி போட்ட மருமக ஊட்டுக்குள்ள வரப்படாதுன்னு. பேரம்பேத்திக்கு அது வந்துரும்ங்கறாங்க."

பங்காரம்மாவின் முகம் விழுந்தது. "அப்பறம் எதுக்குங்க இங்க வந்தீங்க?"

"இருங்க தங்கச்சி, முழுசாக் கேளுங்க. இப்பத்தான் லேசர்னு ஒண்ணு வந்திருக்குதே, கோயமுத்தூர்லயே பண்றாங்க. கத்தி கிடையாது, தையல் கிடையாது. ஒரு நிமிசம் வெளிச்சம் அடிச்சாக் கண்ணாடியைத் தூக்கி எறிஞ்சரலாமாம். அதைப் பண்ணிட்டீங்கன்னா முகூர்த்தம் வெச்சுக்கலாம்னு சொல்றாங்க."

கண்ணின் மேல் தோலைச் சீவினால் வயிற்றில் பிறக்கிற பிள்ளைக்கு எப்படி மாறும் என்று அந்தக் கூடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. மாட்டுக்குச் சூடு போட்டால் கன்று தழும்போடு பிறக்காது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெண் விஷயம் வந்தால் மாட்டு விஷயத்தில் இருக்கிற அறிவுகூட வேலை செய்வதில்லை.

ராமாமணிக்கு அந்தக் கேள்வி தோன்றியது. அவள் அதைக் கேட்கவில்லை. அவளுக்கு அந்தக் கல்யாணம் வேண்டும். இதைச் சொல்லக் கூசவேண்டியதில்லை. நூல் மூட்டைகளுக்கு நடுவே படுத்து எழுந்து அவளுக்கு அலுத்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது 'வந்துட்டியா' என்று கேட்க ஒரு குரல் வேண்டும். அது காரமடைக் குரலாக இருந்தாலும் சரி. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவரை நான் பாக்கலாமுங்களா மாமா?"

"கண்ணு சரியானப்பறம் நல்லாப் பாத்துக்கலாம் கண்ணு" என்று சொல்லி லட்சுமிநாராயணன் தானே சிரித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ராமாமணி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். நர்ஸ் அதைத் திருப்பித் தள்ளினாள்.

"இது பேசண்ட் கையெழுத்துங்க. கீழ பொறுப்புக் கையெழுத்து வேணும். வீட்டுக்காரர் வந்திருக்காரா?"

"எனக்குக் கல்யாணம் ஆகலைங்க."

"அப்ப அப்பாவோ அண்ணனோ யாராவது போடச் சொல்லுங்க. ஆம்பிளையாளு யாரும் வரலியா?"

நரசிம்மலு கையை நீட்டிப் படிவத்தை வாங்கினான். சின்ன வயதில் அவனுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தவள் ராமாமணிதான். 'ந'வுக்கு வாலை இழுக்க அவன் ஒரு வாரம் பழகினான். இருபத்தோரு வயது முதல் சம்பாதிக்கிற அக்காவின் கண்ணுக்கு, அவளுடைய சேமிப்பிலிருந்து செய்கிற ஆபரேஷனுக்கு, 'பாதுகாவலர்' என்ற இடத்தில் அவன் அந்த வாலை நீளமாக இழுத்தான்.

முதலில் இடது கண் மட்டும். வலது கண் இரண்டு மாதம் கழித்து. ஒன்று ஆறி நிலைப்பட்ட பிறகுதான் அடுத்ததைத் தொடுவார்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரக்கச் செய்தார்கள். இமை மூடாமல் இருக்க ஒரு கம்பியை மாட்டினார்கள். மேலே ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார்கள். டாக்டர் ஏதோ ஒன்றால் கண்ணின் மேல் தோலை வழித்தபோது சிவப்புப் புள்ளி கரைந்து பரவியது. பிறகு இயந்திரம் 'டக் டக் டக்' என்று தட்டத் தொடங்கியது. மயிர் கருகுகிற வாடை வந்தது. அது தன்னுடையது என்று அவளுக்குப் புரிய ஒரு விநாடி ஆனது.

"அசையாதீங்க. இன்னும் இருபது எண்ணுங்க" என்றார் டாக்டர்.

எண்ணுவது அவளுக்குப் பழக்கம்தான். ஒன்பது எட்டு, மூன்றாவது நாற்காலி. அவள் இருபது வரை எண்ணினாள்.

அதன் பிறகு மூன்று நாள் கண்ணில் மிளகாய்த்தூள் கொட்டினது போல எரிந்தது. காயம் ஆறும் வரை இருக்கட்டும் என்று கண்ணுக்குள் மெல்லிய லென்ஸ் ஒன்றை வைத்து அனுப்பியிருந்தார்கள். பின்கட்டு அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். நடைக்கு அப்பால் தறி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைகள் சண்டை போட்டன. பங்காரம்மா வேளைக்கு வந்து சாப்பாட்டை வைத்துவிட்டு, "எப்பத் தெரியுமாம்? காரமடைக்காரங்க கேட்டு உடறாங்க" என்பாள். தம்பி வாசலில் நின்று, "தெரியுதாக்கா?" என்பான். வலிக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. சொட்டு மருந்தை மணிக்கொரு தரம் தானே விட்டுக்கொண்டாள். நான்கு சொட்டில் மூன்று கன்னத்தில் விழுந்தது.

மூன்றாம் நாள் கைக்கண்ணாடியை எடுத்து, ஆபரேஷன் ஆகாத வலது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, இடது கண் எப்படி இருக்கிறது என்று பார்த்தாள். சிவந்திருந்தது. அந்தச் சிவப்புக்குள், கருவிழியைச் சுற்றி வெள்ளையின் மேல், மீன் செதிளின் ஓரம் போல ஒரு வட்டக் கோடு பளபளத்தது. அதுதான் லென்ஸின் விளிம்பு. கண்ணை உருட்டினால் அது ஒரு மயிரளவு பின்தங்கி நகர்ந்தது. பொழுது போகாமல் அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அதை எடுத்துவிட்டார்கள்.

பார்வை ஒரே நாளில் வரவில்லை. மூடுபனி விலகுவது போல வாரக்கணக்கில் வந்தது. பழைய கண்ணாடி எல்லாவற்றையும் சின்னதாக்கிக் காட்டியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அம்மா, தம்பி, பூவாத்தாள் எல்லோரும் ஒரு சுற்றுப் பெருத்துப் பக்கத்தில் வந்துவிட்டது போல இருந்தார்கள். ஒரு நாள் காலையில் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் கை எட்டும் தூரத்தில் நின்று, வலது கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடி போடாத தன் முகத்தை முழுசாகப் பார்த்தாள். பதினான்கு வயதுக்குப் பிறகு அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய பள்ளம். அதற்கு மேலே, யாரோ ஒருத்தி. பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தாள். இந்த முகத்தைப் பதினொரு பேர் பார்த்திருக்கிறார்கள், நான்தான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கூடத்தில் தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ராமாமணி போய் அவளோடு சேர்ந்து துணி மடித்தாள்.

ஐந்தாவது வாரம் காரமடையிலிருந்து வந்தார்கள். சசிதர், அவர் அம்மா, கூட லட்சுமிநாராயணன். இந்தத் தடவை கொத்தமல்லி டப்பாவுக்கு வேலை இல்லை. ஒரு கண்ணுக்குக் கண்ணாடியே தேவைப்படாமல் போனதால் பழைய கண்ணாடியைப் போட்டால் தலை சுற்றியது. அதனால் அவள் வெறும் கண்ணோடுதான் இருந்தாள். ராமாமணி எட்டு எண்ணாமல் நடந்து வந்தாள். ஜமுக்காளத்தின் ஓரம் தெரிந்தது, அதிலிருந்த நீலக் கரையும் தெரிந்தது. மூன்றாவது நாற்காலியில் ஒரு மனிதர் இருந்தார். முப்பத்தெட்டு வயது, காதோரம் நரை, கழுத்தில் சவரம் செய்யும்போது கீறிய சின்னக் காயம். இப்படித்தான் இருப்பார்களா மாப்பிள்ளைகள் என்று அவளுக்குத் தோன்றியது. அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது.

சசிதரின் அம்மா ஆரம்பித்தாள். "அந்தக் காலண்டர்ல என்ன தேதி, சொல்லு பாப்பம்?"

சொன்னாள்.

"கீழ பொடி எழுத்துல என்னவோ போட்டிருக்குதே?"

"அஷ்டமின்னு போட்டிருக்குதுங்க."

"சசி, நீ விரலைக் காட்டு. எத்தனைன்னு சொல்லட்டும்."

சசிதர் கூச்சத்தோடு இரண்டு விரல் காட்டினார். அந்தியூர்ச் சந்தையில் மாட்டை வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பான், வாலை முறுக்கிப் பார்ப்பான், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பான். இங்கே விரல் காட்டினார்கள். பங்காரம்மாவுக்குப் பெருமையில் கண் கலங்கியது. "ரெண்டுங்க" என்றாள் ராமாமணி.

"தழும்பு கிழும்பு இருக்குதான்னு பாத்துக்க சசி. அப்பறம் ஒண்ணு ஆகிப்போச்சுன்னா நம்ம தலையில வந்து விழும்."

சசிதர் சட்டைப்பையிலிருந்து பேனா டார்ச்சை எடுத்தார். மோட்டாருக்குள் கம்பிச்சுருள் கருகியிருக்கிறதா என்று பார்க்க வைத்திருப்பது. "ஜன்னல் பக்கம் கொஞ்சம் வாங்க" என்று மெதுவாகச் சொன்னார். அவள் போய் நின்றாள். அவர் குனிந்து டார்ச்சை அவளுடைய இடது கண்ணில் அடித்தார். தழும்பைத் தேடி இன்னும் பக்கத்தில் வந்தார். அவர் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் நடுவே ஒரு சாணுக்கும் குறைவாகத்தான் இடம் இருந்தது.

லேசர் தொடாத வலது கண் அங்கேதான் இருந்தது. நூலில் விதைத் துணுக்கைத் தேடி எடுக்கிற கண். ஜன்னல் வெளிச்சம் சசிதரின் முகத்தில் நேராக விழுந்தது. அவருடைய கருவிழியைச் சுற்றி வெள்ளையின் மேல் ஒரு வட்டக் கோடு பளபளத்தது. அவர் கண்ணை அசைத்தபோது அது ஒரு மயிரளவு பின்தங்கி நகர்ந்தது. இன்னொரு கண்ணிலும் அதே கோடு.

ராமாமணிக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு அந்த நிமிஷம் வந்தது சந்தோஷம். காலையில் எழுந்தால் முதலில் கையால் மேசையைத் தடவுகிற இன்னொரு ஆள். மழையில் நனைந்தால் உலகம் மறைகிற இன்னொரு ஆள். கொத்தமல்லி டப்பாவுக்குள் தன் கண்ணை மூடி வைத்திருக்கிற இன்னொரு ஆள்.

"உங்க பவர் எத்தனைங்க?" என்று அவள் கேட்டாள். அவருக்கு மட்டும் கேட்க வேண்டும் என்று தாழ்ந்துதான் கேட்டாள். கூடம் சின்னது.

சசிதர் டார்ச்சோடு பின்னால் நகர்ந்தார். "என்ன பவரு?"

"ரெண்டு கண்ணுலயும் லென்ஸ் போட்டிருக்கீங்களே."

"அது தூசிக்குப் போடறதும்மா" என்று அவர் அம்மா குறுக்கே விழுந்தாள். "கடையில இரும்புத்தூளு பறக்குது."

"நானும் நாலு நாள் போட்டிருந்தேனுங்க. எனக்குத் தெரியும். தூசின்னா அதைப் போடவே முடியாதுங்க." ராமாமணி அவரையே பார்த்தாள். "மறைக்க வேண்டாமுங்க. எனக்கு அது ஒரு குறையாவே தெரியலை. நீங்க நம்ம ஊட்டுல கண்ணாடியே போட்டுக்கலாம்."

நம்ம ஊட்டுல. அந்த வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அவளுக்கே கேட்டது.

சசிதர் வாயைத் திறந்தார். "மைனஸ் அஞ்சரை" என்றார். சொன்னபோது அவர் முகத்தில் ஏதோ இளகியது. ஒரு விநாடிதான். பிறகு அம்மாவைப் பார்த்தார். டார்ச்சை அணைத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

லட்சுமிநாராயணன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "ஆம்பிளைக்கு அதெல்லாம் ஒரு விசயமா..."

"பேரனுக்கு வந்துரும்னு சொன்னாங்களேன்னுதான் கேட்டேனுங்க மாமா. டாக்டர்கிட்ட நான் விசாரிச்சேன். லேசர் வெச்சாலும் வெக்காட்டியும் வர்றதா இருந்தா வருமாம். அப்பாகிட்டருந்தும் வருமாம்."

சசிதரின் அம்மா எழுந்துவிட்டாள். "கண்ணு வந்தொடனே வாயும் வந்துபோச்சாட்ட இருக்குது. வா சசி." காப்பி அப்படியே இருந்தது. சசிதர் வாசற்படியில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அப்போது அவர் இருந்த தூரத்தில் இடது கண்ணுக்கு அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. பிடிபட்டுப் போன மனிதனின் முகம். பார்க்கத் தெரிந்த பெண்ணோடு ஒரு வீட்டில் இருக்க முடியாது என்று தீர்மானித்துவிட்ட முகம்.

கார் சத்தம் தேய்ந்த பிறகு நரசிம்மலு கத்தினான். "பாத்தாப் பாத்துட்டு வாயை மூடிட்டு இருக்கறதுக்கு என்ன? உனக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"நான் அவரை வேண்டாம்னு சொல்லலையே தம்பி" என்றாள் ராமாமணி.

"சொல்லித்தான் பாரேன்! இனி உன்ற கண்ணு விசயத்துக்கு என்னைக் கூப்புடாதே. என்னமோ பண்ணிக்க."

பங்காரம்மா சமையலறைக்குப் போனாள். கொத்தமல்லி டப்பாவைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடினாள். பழக்கம்.

இரண்டாவது கண்ணுக்குக் குறித்த நாளில் ராமாமணி தனியாகவே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதே படிவம், அதே நர்ஸ்.

"கூட யாரு வந்திருக்கா?"

"நான் மட்டுந்தாங்க."

"பொறுப்புக் கையெழுத்து?"

"என்ற கண்ணுக்கு நானே பொறுப்புங்க."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. கெட்டவள் அல்ல. "அப்படி ஒரு கட்டம் இந்தப் படிவத்துல இல்லைங்களே அக்கா. தம்பி கூட வந்தாரே, அவரைக் கூட்டிட்டு இன்னொரு நாள் வாங்க" என்றாள். முப்பத்து மூன்று வயதுப் பெண் ஓட்டுப் போடலாம், வரி கட்டலாம், ஆலையில் நாளுக்கு முந்நூறு பலகை நூலுக்குத் தேர்ச்சிக் கையெழுத்துப் போடலாம். அவள் கையெழுத்தை நம்பி லாரி லாரியாக நூல் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிறது. அவள் கண்ணுக்கு அவள் கையெழுத்துச் செல்லாது. ராமாமணி படிவத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

லேப்பில் இதைக் கேட்டுப் பூவாத்தாள் பொங்கிவிட்டாள். "நான் வாரேன். என்ற ஊட்டுக்காரரையும் இழுத்துட்டு வாரேன். அண்ணன்னு கையெழுத்துப் போடச் சொல்றேன். கவுண்டனுக்கு நாயுடு ஊட்டுப் பொண்ணு எப்படித் தங்கச்சியானாள்னு எவன் கேக்கறான்னு பாப்பம்."

ராமாமணி கறுப்புப் பலகையை வலது கண்ணுக்கு நேரே பிடித்திருந்தாள். அந்தக் கண்ணால் எட்டாவது வரியில் ஒரு பிசிறைப் பார்த்துக் குறித்தாள். "வேண்டாம் பூவாத்தா. இது இப்படியே இருக்கட்டும். தூரத்துக்கு ஒண்ணு இருக்குது. கிட்ட வர்றவங்களைப் பாக்க ஒண்ணு வேணுமல்லோ."

"ஆமா, கிட்ட எவன் வாரானாமா!" என்று சொல்லிச் சிரித்த பூவாத்தாள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ராமாமணியும் சிரித்தாள். பலகையைத் திருப்பிப் பின்பக்கத்தை எண்ணத் தொடங்கினாள்.

ஒன்றரை வருஷம் கழித்து, காந்திபுரம் பஸ் நிலையத்தில் அவள் சசிதரை மறுபடியும் பார்த்தாள். சித்திரை மாதம்; புழுதிக் காற்று சுழன்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் சூலூர் பஸ் நிற்கும் பக்கம், அவர் மேட்டுப்பாளையம் பஸ் நிற்கும் பக்கம். நடுவில் அவ்வளவு கூட்டம். பழைய கண்ணாடியாக இருந்தால் அவர் ஒரு பொம்மை அளவுக்குத்தான் தெரிந்திருப்பார். இடது கண் அவரை உள்ளது உள்ளபடி காட்டியது. பக்கத்தில் புதுத் தாலியோடு சின்ன வயதுப் பெண் ஒருத்தி. சசிதர் இரண்டு கண்ணையும் கசக்கிக்கொண்டிருந்தார். கண் சிவந்து தண்ணீர் கொட்டியது. அந்தப் பெண் முந்தானையை நீட்டி ஏதோ கேட்டாள். அவர் தலையை அசைத்து ஒரு வார்த்தை சொன்னார். சத்தம் கேட்கவில்லை, உதடு மட்டும் தெரிந்தது.

தூசி.

அந்தப் பெண் நம்பிவிட்டாள். இப்போது அந்த லென்ஸை எடுத்துக் கழுவிப் போடாவிட்டால் கண் புண்ணாகிவிடும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கூட்டத்தைத் தாண்டிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று ராமாமணி இரண்டு எட்டு வைத்தாள். பிறகு நின்றாள்.

"ஏனுங்க அம்மணி, தூரத்துல வருதே, அது சூலூர் பஸ்ஸுங்களா?" என்று பக்கத்தில் கூடையோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்.

ராமாமணி திரும்பிப் பார்த்தாள். பஸ் இன்னும் வளைவில்தான் இருந்தது.

"ஆமாங்க" என்று சொல்லி, பெண்கள் வரிசையில் போய் நின்றுகொண்டாள்.